சாலை விபத்துக்குப் பிறகு என்ன செய்வது: ஏ.ஆர். காப்பியிலிருந்து எம்.சி.ஓ.பி. (நஷ்ட ஈட்டு மனு) வரை

என் தம்பி ஏ.சி. மெக்கானிக். வயது 32. திண்டிவனம் பக்கம் சர்வீஸ் ரோட்டில் டூ வீலரில் போய்க்கொண்டிருந்தவனைப் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. காரை ஓட்டியவர் ஓடிப்போகவில்லை. அவரே தம்பியைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். "கேஸெல்லாம் வேண்டாம்மா, செலவு பூரா நான் பார்த்துக்கிறேன்" என்று என் கையில் பத்தாயிரம் ரூபாயும் கொடுத்தார். நல்ல மனிதர் என்று நம்பினோம். பத்து நாளுக்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. பதினோராவது நாள்தான் நாங்கள் போலீஸ் ஸ்டேஷன் படியேறினோம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான்கு மாதம் அலைந்தோம். நஷ்ட ஈடு கிடைத்தது. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் நாங்கள் தெரியாமல் செய்த தவறுகளை ஒவ்வொரு வாய்தாவிலும் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டியது. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் நீங்கள் அந்தத் தவறுகளைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நடக்கும் முறைப்படி எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஒவ்வொரு காகிதத்துக்கும் வரிசையில் நின்ற அக்கா.

1. முதல் ஒரு மணி நேரம்

108-க்கு அடியுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் அழைக்கலாம். அடிபட்டவர் கழுத்தையோ முதுகையோ பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றால், ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஆம்புலன்ஸ் வரட்டும். சாலையில் நிற்கும் வண்டியின் நான்கு பக்க இண்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள். உதவி செய்ய வந்தவர்கள்மேல் இன்னொரு வண்டி ஏறுவதும் நடக்கிற விஷயம்தான்.

வழிப்போக்கராக உதவி செய்கிறவருக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைக் காப்பாற்றுகிறது. பெயர், முகவரி கொடுக்கச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தைரியமாகத் தூக்குங்கள்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தால், கூட இருப்பவர் செல்போனில் நான்கு படம் எடுக்க வேண்டும்: இடித்த வண்டியின் நம்பர் பிளேட், இரண்டு வண்டிகளும் நிற்கும் இடம், சாலையில் உள்ள டயர் தடம், பக்கத்தில் இருக்கும் கடைப் பலகை அல்லது கிலோமீட்டர் கல். நேரில் பார்த்த ஒருவரின் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். பக்கத்துக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கேமரா இருந்தால் மறுநாளே போய்க் கேளுங்கள். பழைய பதிவின்மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். நாங்கள் போனபோது எங்கள் பதிவு அழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

2. காஷுவாலிட்டியில் எழுதும் ஒரு வரி: ஏ.ஆர். காப்பி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வையுங்கள்.

விபத்து என்று யார் வந்தாலும் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அதுதான் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். அதன் நகலைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தார், எங்கே, எப்படி அடிபட்டது, என்னென்ன காயம் என்று எல்லாம் அதில் இருக்கும். "எப்படி அடிபட்டது" என்ற இடத்தில், அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதைத்தான் டாக்டர் எழுதுவார். அவருக்கு விசாரிக்க நேரம் இருக்காது, அது அவர் வேலையும் இல்லை.

தம்பியின் ஏ.ஆர். காப்பியை மூன்று வாரம் கழித்துத்தான் கையில் வாங்கினேன். நீல மையில் சாய்வான எழுத்து. இரவு 7.50 மணி. அதற்குக் கீழே, "டூ வீலர் சறுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கார் என்ற சொல்லே அதில் இல்லை. அதைச் சொன்னவர் கூட்டிவந்த கார்க்காரர். தம்பி அப்போது வலியில் சுயநினைவு சரியாக இல்லாமல் கிடந்தான்.

காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். "தானாக விழுந்துவிட்டு, பதினோரு நாள் யோசித்து ஒரு காரைச் சேர்த்திருக்கிறீர்கள்" என்றார். நேரில் பார்த்த டீக்கடைக்காரர் சாட்சி சொல்ல வந்ததால்தான் தப்பித்தோம்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது:

- வீட்டு ஆள் ஒருவர் டாக்டர் பக்கத்திலேயே நில்லுங்கள். "இந்த நம்பர் கார் பின்னாலிருந்து இடித்தது" என்று சொல்லுங்கள். நம்பர் தெரியாவிட்டால் "கார் இடித்தது" என்றாவது பதிவாக வேண்டும்.
- நீங்கள் வருவதற்கு முன்பே எழுதிவிட்டார்கள் என்றால், என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள். தவறாக இருந்தால், நடந்ததை எழுதி ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் உடனே மனுக் கொடுத்து, மனுவின் நகலில் சீல் வாங்கி வையுங்கள்.
- முதலில் ஒரு ஆஸ்பத்திரி, பிறகு இன்னொன்று என்று மாறினால் இரண்டு இடத்திலும் ஒரே விவரம் இருக்க வேண்டும்.
- போலீஸுக்குத் தகவல் அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள். விபத்துக் கேஸ் என்றால் ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். "சறுக்கி விழுந்தார்" என்று எழுதிவிட்டால் அது போகாமலே நின்றுவிடக்கூடும்.

3. ஆஸ்பத்திரிப் பணம்

முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாது. அவசர சிகிச்சை கொடுப்பது அரசு, தனியார் இரண்டுக்கும் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தமிழக எல்லைக்குள் நடந்த விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளி மாநிலத்தவர் என்றாலும் பரவாயில்லை. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு லட்சம் ரூபாய் வரம்போடு தொடங்கிய திட்டம். இப்போது எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் சொல்வார்கள்.

இது தவிர மத்திய அரசின் பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. இதற்கு இது விபத்துதான் என்று போலீஸ் உறுதிப்படுத்த வேண்டும். ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போக இதுவும் ஒரு காரணம்.

இரண்டையும் நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. முதல் நாளே நகையை அடகு வைத்தோம்.

4. எஃப்.ஐ.ஆர்.

விபத்து நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே புகார். எல்லைத் தகராறு வந்தால், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு மாற்றி அனுப்பலாம் என்பது இப்போது சட்டத்திலேயே, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில், இருக்கிறது.

புகாரில் தேதி, நேரம், இடம், போன திசை, இடித்த வண்டியின் நம்பர், எந்தப் பக்கமிருந்து எப்படி இடித்தது என்று இருக்க வேண்டும். தெரியாததை யூகித்து எழுதாதீர்கள். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்ற வரியை எல்லாப் புகாரிலும் பார்க்கலாம். அது மட்டும் போதாது. பின்னாலிருந்து வந்ததா, சிக்னலைத் தாண்டியதா, ராங் சைடா என்பதைச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்துக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள்தான் வரும். அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281. காயத்துக்கு 125(ஏ), எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு 125(பி). உயிரிழப்பு என்றால் 106(1). எலும்பு முறிந்திருந்தும் 125(ஏ) மட்டும் போட்டிருந்தால், எக்ஸ்ரே ரிப்போர்ட்டைக் கொடுத்துப் பிரிவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

சில ஸ்டேஷன்களில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, "பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீதுதான், அது எஃப்.ஐ.ஆர். இல்லை. "எங்களுக்குள் சமாதானமாகிவிட்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆபரேஷன் செலவு, வேலைக்குப் போக முடியாத மாதங்கள், நிரந்தரமாக நின்றுவிடும் குறை, இதெல்லாம் முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது. கார்க்காரர் நல்லவராகவே இருந்தாலும் கேஸ் போட்டால் நஷ்ட ஈடு கொடுக்கப்போவது அவருடைய இன்ஷூரன்ஸ். இதை அவரிடமே பொறுமையாகச் சொல்லலாம்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம்.

தாமதமாகிவிட்டதா? மனம் விட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நஷ்ட ஈட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். "இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததால்" என்ற உண்மையான காரணம் போதும்.

5. சேர்க்க வேண்டிய காகிதங்கள்

ஒரு பெரிய ஃபைல் வாங்கி இரண்டு பகுதியாகப் பிரியுங்கள்.

போலீஸ் பக்கம் வருபவை: எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்து மாதிரி வரைபடம், பார்வை மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்று, கடைசியாகக் குற்றப்பத்திரிகை. இரண்டு வண்டிகளின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஓட்டியவரின் லைசென்ஸ் நகல்களும் ஸ்டேஷன் ஃபைலில் இருக்கும். இடித்த வண்டிக்கு அன்றைய தேதியில் இன்ஷூரன்ஸ் இருந்ததா என்பதைப் பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பார்க்கலாம். அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

2022 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கும் (விபத்து நஷ்ட ஈட்டை முடிவு செய்யும் நீதிமன்றம்) காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். உங்கள் உரிமைகளைச் சொல்லும் படிவத்தையும் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு யாரும் தரவில்லை. விசாரணை அதிகாரியிடம் "அந்த அறிக்கை அனுப்பியாச்சா சார்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவருக்கு வேலை நடக்கிறது.

ஆஸ்பத்திரிப் பக்கம் வருபவை: ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ஃபிலிம், ஸ்கேன், ஒவ்வொரு மருந்துச் சீட்டும் அதற்கான பில்லும், பிசியோதெரபி ரசீது, போய்வந்த ஆட்டோ, வேன் செலவு.

மருந்துக் கடை பில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வழவழப்பான காகிதத்தில் உள்ள எழுத்து ஆறே மாதத்தில் மங்கிவிடும். தம்பியின் பில்கள் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகத்தான் இருந்தன. கோர்ட்டில் தாக்கல் செய்ய எடுத்தபோது பதினேழு பில் வெறும் வெள்ளைக் காகிதமாக இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் கடை பெயர் மட்டும் லேசாகத் தெரிந்தது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு பின் பண்ணுங்கள். பில்லில் அடிபட்டவரின் பெயரும் இருக்க வேண்டும். பெயர் இல்லாமல் "கேஷ்" என்று இருக்கும் பில்லை எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாது.

அலுவலக மெடிக்ளெய்முக்கு அசல் பில்களைக் கொடுத்துவிட்டால் திரும்பி வராது. கொடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரியிடம் சான்றளித்த நகல் ஒரு செட் கேட்டு வாங்குங்கள்.

வருமானச் சான்றுதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சிக்கல். சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு அதுவும் வங்கிக் கணக்கும் போதும். சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கு வங்கி ஸ்டேட்மென்ட், ஜிபே வரவு, வேலை எடுத்துச் செய்த பில் புத்தகம், நல வாரிய அட்டை, ஐ.டி.ஐ. சான்றிதழ், எது இருந்தாலும் சேருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானாக ஒரு மாத வருமானத்தை உத்தேசமாக வைத்துக்கொள்ளும். அது நிஜ வருமானத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

6. வண்டியை அவசரப்பட்டு ரிப்பேருக்கு விடாதீர்கள்

மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை கொடுக்கும் வரை வண்டி அப்படியே இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் இருந்தால், அன்றைக்கே உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய சர்வேயரும் பார்த்த பிறகுதான் கேரேஜ்.

7. ஆறு மாதக் கணக்கு

2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1-லிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்ட ஈட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். பழைய ஆட்கள் "கால வரம்பே கிடையாது, எப்ப வேணும்னாலும் போடலாம்" என்பார்கள். அது முந்தைய காலம். இந்த ஆறு மாத வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போட்டிருக்கிறார்கள் என்றாலும், அதை நம்பி உட்கார வேண்டாம். குற்றப்பத்திரிகை வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆரும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருந்தாலே மனுப் போடலாம், மீதியைப் பிறகு சேர்க்கலாம். காலண்டரில் ஐந்தாவது மாதத்தில் சிவப்பு வட்டம் போடுங்கள்.

மனு எங்கே? விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்தரப்பு இருக்கும் இடம், இந்த மூன்றில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம். மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், சில ஊர்களில் இதற்கென்றே சிறப்பு நீதிமன்றம். விழுப்புரம் பக்கம் அடிபட்டு மதுரையில் இருக்கிறவர் மதுரையிலேயே போடலாம். அலைச்சல் பாதி குறையும். மனுவுக்குக் கிடைக்கும் எண்ணைத்தான் எம்.சி.ஓ.பி. நம்பர் என்கிறார்கள்.

உயிரிழப்பு என்றால் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் சேர்ந்து ஒரே மனு. இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் சீக்கிரமே விண்ணப்பியுங்கள். பெயர் எழுத்துப் பிழை வந்தால் திருத்த அதுவே ஒரு மாதம் இழுக்கும்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் வழி வேறு. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகம் வழியாக மாவட்ட ஆட்சியரிடம் போகும் திட்டம் அது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

8. வக்கீல்

ஆஸ்பத்திரி வார்டுக்கே ஒருவர் வந்து, "எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம், ஒரு பைசா வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். எங்களிடமும் வந்தார்கள், ஒரே வாரத்தில் மூன்று பேர். வக்கீல்கள் இப்படி ஆள் பிடிக்கக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதும் அதே விதிகளின்படி கூடாது. ஆனால் நடைமுறையில் எல்லா ஊரிலும் சதவீதம்தான் பேசுகிறார்கள். நீங்கள் முன்கூட்டியே ஒரு தொகை பேசி, எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம், அது இல்லாமல் வக்கீல் ஆஜராக முடியாது. நிரப்பாத வெள்ளைத் தாள், பாண்டு பேப்பர், காசோலை, இதில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் காகிதங்களைக் கொடுத்தால் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

பணம் கொடுக்க வழி இல்லையா? கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். கணவரை இழந்த எத்தனையோ பெண்கள் இது தெரியாமல் கந்து வட்டிக்கு வாங்கி வக்கீல் பீஸ் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் படியை ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

கேட்கும் தொகையைப் பொறுத்து கோர்ட் ஃபீஸ் உண்டு. தொகையைக் குறைத்துக் கேட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். நியாயமான தொகை அதைவிட அதிகம் என்று தீர்ப்பாயம் கருதினால் கூடுதலாகவும் கொடுக்கலாம், வித்தியாசத்துக்கான கோர்ட் ஃபீஸை மட்டும் கட்ட வேண்டும்.

9. தொகை எப்படி வருகிறது

இந்தக் கணக்கு தெரிந்தால்தான் சமரசப் பேச்சில் ஏமாற மாட்டீர்கள். 2009-லும் 2017-லும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி, ஆண்டு வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். 21 முதல் 25 வயது வரை 18. 26–30-க்கு 17, 31–35-க்கு 16, 36–40-க்கு 15, 41–45-க்கு 14, 46–50-க்கு 13, 51–55-க்கு 11, 56–60-க்கு 9, 61–65-க்கு 7, அதற்கு மேல் 5. எதிர்கால வருமான உயர்வுக்காக, சொந்தத் தொழில் செய்கிறவருக்கு 40 வயதுக்குள் என்றால் 40 சதவீதம் சேர்க்க வேண்டும். நிரந்தர வேலை என்றால் 50 சதவீதம்.

உதாரணம்: வயது 32, மாதம் 15,000 ரூபாய். ஆண்டுக்கு 1,80,000. அதோடு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. பதினாறால் பெருக்கினால் 40,32,000. வேலைத்திறன் இழப்பு 20 சதவீதம் என்றால் 8,06,400 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள், உடனிருந்து பார்த்துக்கொண்டவர், சத்துணவு, போக்குவரத்து எல்லாம் தனித்தனி.

உயிரிழப்பு என்றால் இறந்தவரின் சொந்தச் செலவு என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். அவரை நம்பி இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நான்கிலிருந்து ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு. திருமணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி.

அந்த 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். மருத்துவக் குழு உடம்பைப் பார்த்து ஒரு சதவீதம் சொல்லும். அந்தக் குறை உங்கள் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். இரண்டும் ஒன்றில்லை. தம்பியால் தட்டையான தரையில் நடக்க முடிகிறது. ஆனால் ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் கணுக்கால் மடங்காது. ஏ.சி. வெளி யூனிட் எல்லாம் இரண்டாவது மாடிச் சுவரில்தான் தொங்குகிறது. இதை அவன் சாட்சிக் கூண்டில் ஏறும்போதே காட்டினான், கைப்பிடியைப் பிடித்து இடது காலை முதலில் வைத்து. நம் தொழிலில் எந்த அசைவு வேண்டும், அது ஏன் இப்போது முடியவில்லை என்பதை வக்கீலிடம் விளக்கி பிரமாண வாக்குமூலத்திலேயே எழுதவைக்க வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் வாங்கலாம். வேகமாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் மேலே சொன்ன நஷ்ட ஈட்டு மனு, அதாவது 166-ஆம் பிரிவு மனு, முடிந்துபோகும். உங்கள் கணக்கு அதைவிடப் பெரிதா என்று போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

10. விசாரணை, மக்கள் நீதிமன்றம்

இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கு எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். வக்கீல் குமாஸ்தாவுக்குப் போன் போட்டே நாள் போகாது.

இதற்கிடையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்ற வழக்கு தனியாக ஓடும். கார் ஓட்டியவர் தவறை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால், அந்தத் தீர்ப்பின் சான்றளித்த நகலை வாங்கித் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யுங்கள். எங்கள் வழக்கில் சாட்சிக்கு அடுத்தபடி உதவியது அதுதான். மாறாக, "வழக்கைக் கைவிடுகிறோம்" என்று போலீஸிடமிருந்து நோட்டீஸ் வந்தால் சும்மா வாங்கி வைக்காதீர்கள். அதில் சொன்ன நாளுக்குள் ஆட்சேபணை மனுப் போட வேண்டும்.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும், கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பும். ஆனால் அதன் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. உங்கள் கணக்குத் தாளை மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

11. பணம் கைக்கு வரும்போது

தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனம் பணத்தைச் செலுத்த வேண்டும். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு, நம் பக்கம் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே இருக்கும் வங்கிக் கணக்கின் பாஸ்புக் நகல், பான், ஆதார் கொடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று புதிய கணக்குத் திறந்து ஏ.டி.எம். கார்டை அவர்களிடம் கொடுக்காதீர்கள். மைனர் பிள்ளைகளின் பங்கு வைப்புத் தொகையாக வங்கியில் இருக்கும்.

தொகை குறைவு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. தீர்ப்பின் சான்றளித்த நகலுக்கு, தீர்ப்பு வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

12. இன்றைக்கே உங்கள் வண்டிக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்

டூ வீலர் பாலிசியில் "தேர்ட் பார்ட்டி மட்டும்" என்று இருந்தால், பின்னால் உட்கார்ந்து வரும் உங்கள் மனைவிக்கோ அம்மாவுக்கோ அதில் பாதுகாப்பு இல்லை. நீங்களே சறுக்கி விழுந்து அவர்களுக்கு அடிபட்டால் அந்த நிறுவனம் கொடுக்காது. முழுப் பாலிசியில் அவர்களும் வருவார்கள். உரிமையாளரே ஓட்டும்போது அடிபட்டால் 15 லட்சம் ரூபாய் வரை தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்த்திருக்கிறதா, அதில் நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

லைசென்ஸ் இல்லாத தம்பி தங்கையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவர்கள் இடித்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் உங்களிடம் வசூலிக்கும். ஹெல்மெட் போட்டு பட்டையை மாட்டுங்கள், பின்னால் இருப்பவரும்தான். தலையில் அடிபட்ட வழக்குகளில் ஹெல்மெட் இல்லை என்பதைக் காட்டித் தொகையைக் குறைக்கச் சொல்லி வாதாடுகிறார்கள்.

என் தம்பி இப்போது பட்டறையில் உட்கார்ந்து செய்யும் போர்டு சர்வீஸ் வேலைக்கு மாறிவிட்டான். ஏணி வேலைக்கு ஒரு பையனை வைத்திருக்கிறான். அந்தப் பையனின் டூ வீலர் பாலிசியை வாங்கி, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துப் புதுப்பித்துக் கொடுத்தது தம்பிதான்.